'கிவ் என்றால் கொடு': இந்த ஒற்றை வரியை முதலில் அழியுங்கள்

ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தப் பட்டியல் போடுகிறவர்களைத்தான் கேட்கிறேன். 'கிவ் - கொடு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறீர்களே, வேலை முடிந்துவிட்டதா? கிவ், கேவ், கிவன் என்று மூன்று வடிவங்களையும் ஒப்பித்துவிட்டால் சொல் கைவந்துவிடுமா?

பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால் போதும், கொடுப்பதே காணாமல் போய்விடும். கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் பணிந்துபோ. கிவ் ஆஃப் என்றால் வாடையையோ வெப்பத்தையோ வெளிவிடு. கிவ் வே சாலைப் பலகையில் இருந்தால் வழிவிடு. அதுவே பாரம் தாங்காத பாலத்தைப் பற்றி வந்தால் இடிந்து விழுந்தது என்று பொருள். அதைப் போய் 'பாலம் வழி கொடுத்தது' என்று எழுதினால் படிக்கிறவனுக்கு என்ன புரியும்? ஒரு பெண் பெருமூச்சு விட்டால் 'பெருமூச்சைக் கொடுத்தாள்' என்கிறீர்கள். தமிழில் பெருமூச்சை யாரய்யா கொடுப்பார்கள்? கயிற்றிலோ மெத்தையிலோ 'கிவ்' இருக்கிறது என்றால் அது நெகிழ்வு. அங்கே அது பெயர்ச்சொல் என்பதைக்கூட அந்த ஒற்றை வரி சொல்லாது.

இலக்கணம் இன்னும் மோசம். 'கிவ் மீ தி புக்' சரி. 'கிவ் தி புக் டு மீ' என்பதும் சரி. 'கிவ் டு மீ தி புக்' தப்பு. 'எனக்கு' என்பதில் இருக்கும் 'கு'வை 'டு'வாக்கி, தமிழில் வரும் அதே இடத்தில் வைப்பதால் வரும் தப்பு இது. அதைத் திருத்தினால் அடுத்தது வரும்: கிவ் மீ சரியென்றால் எக்ஸ்பிளெயின் மீயும் சரிதானே என்பார்கள். இல்லை. எக்ஸ்பிளெயினிலும் டொனேட்டிலும் யாருக்கு என்று சொன்னால் அதற்கு முன் 'டு' வந்தே ஆகவேண்டும். கிவ் அப்புக்குப் பிறகு ஸ்மோக்கிங்தான், டு ஸ்மோக் அல்ல. 'இட்' வந்தால் நடுவில் நிற்கும்: கிவ் இட் அப். இந்த நாலு விஷயத்தை எழுத எத்தனை வரி ஆகிவிடும்?

வயிற்றெரிச்சல் முழுதும் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. தமிழ்க் 'கொடு'வும் சாதாரணச் சொல் இல்லை. கடன் கொடுப்பது லெண்ட், வாடகைக்குக் கொடுப்பது ரெண்ட் அவுட், சொல்லிக்கொடுப்பது டீச், முட்டுக்கொடுப்பது ப்ராப் அப். ஈடுகொடுப்பது கீப் அப் வித். இவை எதிலும் கிவ் கிடையாது. காட்டிக்கொடுப்பதில் கிவ் அவே எட்டிப் பார்க்கும், அதுவும் ஆளையோ ரகசியத்தையோ வெளிப்படுத்திவிடும்போது. துரோகம் என்றால் பிட்ரே. விட்டுக்கொடுப்பது சில இடத்தில் கிவ் இன், சில இடத்தில் காம்ப்ரமைஸ். இதெல்லாம் தெரியாமல் 'கிவ் கம்ப்ளெயிண்ட்' என்று மனு எழுதுகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். புகார் கொடு என்பதற்கு ஃபைல் அல்லது லாட்ஜ் என்று அவன் பட்டியலில் நீங்கள் எழுதவே இல்லை.