சிரித்தவர்களுக்கு ஒரு பதில்

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நடந்ததை மீண்டும் விவரிக்கப் போவதில்லை, வந்திருந்தவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா வட்டாரத்து மழைநீர் வடிகால் கணிப்பை ஜூலியா நிரல் மொழியில் எழுதிக் காட்டிய பாலிடெக்னிக் மாணவியிடம், இதற்கு வேலை விளம்பரம் ஒன்றாவது வருகிறதா என்று பெரியவர் ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. அவளுடைய கணக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேலை விளம்பரம் ஒரு மொழிக்குத் தரச்சான்று ஆகாது. எழுத எளிதான மொழி மெதுவாக ஓடும், விரைந்து ஓடும் மொழியை எழுதுவது கடினம் என்ற பழைய சிக்கலைத் தீர்க்கத்தான் பெசன்சன், கார்பின்ஸ்கி, வைரல் ஷா, எடெல்மன் ஆகிய நால்வரும் 2012இல் ஜூலியாவை வெளியிட்டார்கள். 1.0 பதிப்பு வந்தது 2018இல்தான்; அவசரப்படாமல் வளர்ந்த மொழி அது.

அந்தச் சிக்கலை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில் நீரோட்ட மாதிரியை எழுதுவேன். வேறொரு குழு அதை விரைந்து ஓடும் சி++ மொழிக்கு மாற்றும். மேட்லாபில் அணியின் (எண்களின் வரிசையின்) முதல் உறுப்புக்கு எண் 1, சி++இல் 0. மாற்றியவர்கள் அதைக் கவனிக்காததால், குழாயின் முதல் பகுதிக்குரிய நீர் இரண்டாம் பகுதியில் போய்ச் சேர்ந்தது. கடைசி எம்ஆர்டி ரயிலையும் விட்டுவிட்டு உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடித்தவன் நான். பழி விழுந்ததும் என் தலையில்தான்.

பைத்தான் மொழி போதாதா என்பீர்கள். தாராளமாகப் போதும், அதன் கணக்கு நிரலகமான நம்பையின் வயிற்றுக்குள் ஓடுவது சி என்ற வேறொரு மொழி என்பதை மறந்துவிட்டால். ஜூலியாவில் முதல் வரைபடம் வருவதற்குள் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்பீர்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2023இல் வந்த 1.9 பதிப்பு, நிரலைக் கணினி நேரடியாக இயக்கும் குறியாக ஒருமுறை மாற்றிச் சேமித்து வைப்பதால் காத்திருப்பு பெரிதும் குறைந்தது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பவர், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி தன் பொருளாதார மாதிரியை மேட்லாபிலிருந்து ஜூலியாவுக்கு மாற்றியதைத் தேடிப் படிக்கட்டும். அவர்களும் வேலை விளம்பரம் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் போலும்!

உண்மையில் நமக்கு மொழி பொருட்டே இல்லை. பிள்ளை எதைக் கற்றாலும் அது எவ்வளவு சம்பளம் தரும் என்பதே நம் முதல் கேள்வி. பாராட்டு அதற்குப் பிறகுதான், பல நேரம் வருவதே இல்லை.

ஜூலியாவுக்காகப் பேச எனக்குக் கமிஷன் கிடைக்கிறதா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்ட நண்பருக்கு: ஐயா, அது திறமூல மொழி, இலவசம். உரிமத்துக்கு நாம் காசு கட்டியது மேட்லாபுக்குத்தான்; அப்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையே.