கேம் ஆடுகிறவள் எழுதமாட்டாளா?

"இன்னுமா விளையாடிக்கொண்டிருக்கிறாய்? நாவல் என்ன ஆயிற்று?"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வீட்டுக்கு வரும் சித்தப்பா கேட்கிறார், மாடி வீட்டு அத்தை கேட்கிறார். பிரதிக்காகக் காத்திருக்கும் பதிப்பாளர் கேட்டால் அதிலாவது நியாயம் உண்டு. நான் எழுதியதில் ஒரு வரியைக்கூடப் புரட்டிப் பார்க்காதவர்கள் அல்லவா கேட்கிறார்கள்! அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில், மிகைபுனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவள் என்று என்னை அறிமுகப்படுத்த மேடையேறியவர், "அம்மையார் எழுதாத நேரத்தில் சிறுபிள்ளைபோல் வீடியோ கேம் ஆடுவாராம்" என்று சொல்லி அரங்கையே சிரிக்க வைத்தார். சபை நாகரிகம் கருதி அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி அப்படி இருக்கப்போவதில்லை.

ஐந்து நாள் டெஸ்ட் மேட்சை ஒரு பந்து விடாமல் பார்க்கும் எழுத்தாளரை யாரும் கேள்வி கேட்பதில்லை, அவர் ரசிகர். சதுரங்கம் ஆடினால் அறிவாளி. மாலை முழுவதும் டீக்கடை பெஞ்சில் அரட்டை அடித்தால் மக்களோடு மக்களாகக் கலந்து பழகுகிறவர். நான் கணினி முன் உட்கார்ந்து ஒரு பாத்திரத்துக்கு மூக்கும் தாடையும் செதுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் வேலை வெட்டி இல்லாதவளா? யார் வகுத்த சட்டம் இது?

அந்த நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுண்டா? நானே சொல்கிறேன்.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 2006இல் வந்த 'ஒப்ளிவியன்' என்ற கேமை இன்றும் ஆடுகிறேன். கதை ஒரு சிறைக்கூண்டில் தொடங்கும். ஏன் உள்ளே இருக்கிறோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதை ஆடுகிறவர்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். முகத்தையும் வயதையும் நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதால், நான் ஒரு கிழவியை உருவாக்கி வடிவு என்று பெயர் வைத்தேன். கன்னம் ஒட்டிய முகம், நரைத்த முடி. தொழில் திருட்டு. இந்த கேமில் திருடி மாட்டிக்கொண்டால் காவலன் வந்து வழிமறிப்பான். மூன்று வழிகள் உண்டு: அபராதம் கட்டலாம், சிறைக்குப் போகலாம், எதிர்த்துச் சண்டை போடலாம். சிறைக்குப் போனால் நாள்கள் கழியக் கழியக் கற்ற திறன்கள் மங்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். வடிவோ பை நிறையப் பொற்காசு வைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் சிறைக்குப் போனாள். நான்தான் அனுப்பினேன் என்றாலும், ஏன் அனுப்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தேன். ஏன் இவள் பணம் கட்டமாட்டேன் என்கிறாள்? பதில் அவள் குரலிலேயே வந்தது. "காசு கொடுத்துவிட்டால் நான் எடுத்தது விலைக்கு வாங்கியதாகிவிடும். அவனிடம் நான் எதையும் வாங்கவில்லை. திருடினேன்."

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு நாவல் கிடைத்தது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான். அதில் வரும் நாட்டின் சிறை, ஆயுளை எடுத்துக்கொள்வதில்லை; ஒவ்வோர் இரவும் கைதியின் கைகளிலிருந்து ஒரு வித்தையை எடுத்துக்கொள்கிறது. முதல் இரவு வடிவுக்குப் பின்னல் போட மறந்துபோகிறது. அடுத்து கோலம். அதன்பின் மகளுக்குப் புடவை கட்டிவிடும் வித்தை. பூட்டைத் திறக்கும் கை மட்டும் மிஞ்சும் நாள் வரைக்கும் கதை போகும். நாள் முழுக்க வெற்றுத்தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா? எனக்கு வந்திருக்காது.

"பாத்திரங்களை வாழ்க்கையிலிருந்து எடு, திரையிலிருந்து எடுக்காதே" என்று உபதேசிக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவள்தான் நானும். மனிதர் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார் என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதுவது இல்லாத ஓர் உலகம். அதற்கென்று தனி விதிகள் உண்டு. அந்த விதிகளுக்குள் ஒருத்தியை நிறுத்தி, அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு கேமைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கில மிகைபுனைவு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கும் இது தெரிந்திருந்தது. டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மட்டும் 41 நாவல்கள் எழுதிய மனிதர் அவர். அவரையும் எழுதாமல் விளையாடுகிறவர் என்று சொல்வார்களா? கணினி விளையாட்டுகளில் அவருக்குத் தீராத மோகம். 1992இல் சிறுவர்களுக்காக எழுதிய நாவலில், ஜானி என்ற பையன் கேமில் வேற்றுக்கிரகக் கப்பல்களைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது எதிரிகள் திடீரென்று சரணடைந்துவிடுவார்கள். சுடப்படுகிறவர் பக்கம் நின்று பார்த்த ஒருவருக்குத்தான் அந்தக் கற்பனை வரும். நான் ஆடும் அதே ஒப்ளிவியனை அவரும் ஆடினார். ஆடுகிறவர்கள் தாமே உருவாக்கி இலவசமாகக் கொடுத்த வில்யா என்ற துணைப் பாத்திரம் அதில் உண்டு. அவளுக்காக பிராட்செட் வசனம் எழுதிக் கொடுத்தார். தமக்கு அல்சைமர் நோய் இருப்பதை 2007இல் உலகத்துக்கு அறிவித்தவர், நினைவு நழுவிக்கொண்டிருந்த காலத்தில் வேறொருவர் படைத்த பெண்ணுக்குப் பேச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. இதையா சிறுபிள்ளைத்தனம் என்கிறீர்கள்?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைப் பாருங்கள். 2022இல் 'எல்டன் ரிங்' என்ற கேம் வந்தது. அந்த உலகின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் அவர். உடனே, "2011இலிருந்து நாவலின் அடுத்த பாகம் வரவில்லை, இவருக்கு கேம் ஒரு கேடா" என்று ஒரு கூட்டம் பாய்ந்தது. வாசகரின் ஏக்கம் எனக்குப் புரிகிறது, நானும் காத்திருப்பவள்தான். ஆனால் அவருடைய பழைய கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு பேச வேண்டாமா? 1980களில் நியூ மெக்சிகோவில் அவரும் எழுத்தாள நண்பர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டி விளையாடினார்கள். எழுத்தையே விழுங்கிவிடும் அளவுக்கு அது அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆட்டத்தில் பிறந்த பாத்திரங்கள்தான் 1987இல் 'வைல்ட் கார்ட்ஸ்' என்ற நூல்வரிசையாக வெளிவரத் தொடங்கின. 30க்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன.

கேமை இளக்காரமாகப் பார்த்தவர்களும் உண்டு. போலந்து எழுத்தாளர் ஆந்திரே சப்கோவ்ஸ்கி தம்முடைய 'விட்சர்' கதைகளை கேமாக்க உரிமை கொடுத்தபோது, இது எங்கே ஓடப்போகிறது என்று நினைத்து, லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகப் பணம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். கேம் கோடிக்கணக்கில் விற்றது. 2018இல் அவர் தரப்பு கேம் நிறுவனத்திடம் 6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு புதிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இங்கே கேமைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

2023இல் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், கறைபடிந்து எழுத்து அழிந்த அம்மாவின் சமையல் குறிப்பேடு, தமிழில் பேசக் கூச்சப்படும் மகன். புலம்பெயர் வாழ்க்கை பற்றி மேடைக்கு மேடை முழங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்? "கேம்தானே" என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிட்டார்கள்.

என்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குத் தோல் தடித்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் முதல் கதையை எனக்கு அனுப்பியிருந்தாள். தான் கொல்லும் ஒவ்வொரு பூதத்தின் பெயரையும் உள்ளங்கையில் பச்சை குத்திக்கொள்ளும் வீராங்கனையின் கதை. கேம் ஆடும்போது தோன்றியதாம். படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. கடிதத்தின் அடியில் எழுதியிருந்தாள்: "எழுத்தாளராக வேண்டுமென்றால் முதலில் இந்தக் கேம் பைத்தியத்தை விடு என்று ஆசிரியர் சொல்கிறார் அக்கா, கன்சோலை விற்றுவிடட்டுமா?"

விற்காதே கண்ணு என்று அன்றைக்கே பதில் போட்டேன். அந்த ஆசிரியர் யாராக இருந்தாலும் சரி, அறிவுரை சொல்வதற்கு முன் அவளுடைய கதையை வாங்கி ஒரு முறை படித்திருக்க வேண்டும்.