சத்தம் இல்லை என்பதால் பிரேக் பேடு நன்றாக இருப்பதாகப் பொருளில்லை

"பிரேக் கிறீச்சிடாதவரை பேடைப் பார்க்கவே தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது ஆபத்தான தவறு. பேடு தேய்ந்ததும் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் தட்டில்) உரசிச் சத்தமிடும் தகட்டு நாக்கு எல்லாப் பேடுகளிலும் கிடையாது. இரண்டு பேடுகளையும் டிஸ்க்கின் இருபுறமும் அழுத்தும் பாகமான காலிப்பர் நகர உதவும் பின்கள் (சிறு தண்டுகள்) துருவேறி இறுகினால், உட்புறப் பேடு முந்தித் தேய்ந்துவிடும். சக்கர இடுக்கில் எட்டிப் பார்த்தால் தெரிவதோ வெளிப்புறப் பேடு மட்டும்தான். நான் கழற்றிப் பார்த்த ஒரு சிறிய காரில் வெளிப் பேடின் தடிமன் 6 மி.மீ. இருந்தது, உள்ளே 1 மி.மீ.கூட இல்லை. ஒரு நாளும் சத்தம் வந்ததில்லை என்றார் உரிமையாளர்.

சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடுகளையும் பாருங்கள். 3 மி.மீ. ஆனதும் இடது, வலது சக்கரங்களுக்குச் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கக் கூடாது, புதிதுதான் போட வேண்டும்.