சொமர்செற்றுக்குப் புதுப் பெயின்ற் வேண்டாம்

போன கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்து பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவராம். "நல்லாத்தான் வச்சிருக்கிறியள் ஐயா, ஆனா முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடிச்சு, உள்ளுக்கு ஒரு ஜப்பான் டீசல் இஞ்சினைப் போட்டால்தான் காசு பார்க்கலாம்." பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் சொல்லாததை நான் இங்கே சொல்கிறேன்.

1953ஆம் ஆண்டுக் கார் இது. பேர்மிங்காமில் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரைதான் சொமர்செற் செய்தார்கள். போர் முடிந்து பிரிட்டன் கடனில் கிடந்த காலம் அது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பனிக்குத்தான் உருக்குப் பங்கீட்டில் முன்னுரிமை என்று வைத்திருந்தார்கள், அதனால் அந்த ஊர்க்காரன் புதுக் காருக்குக் காத்துக்கிடக்க, கார்கள் கப்பலேறின. இலங்கைக்கும் அப்படித்தான் வந்தன. 1200 சிசி, 42 குதிரைவலு, கியர்த் தடி ஸ்ரியரிங்கோடு. ஓடும்போது பார்த்தால் பெரிய பணியாரம் ஒன்று நகருகிற மாதிரி இருக்கும். அழகு என்று வாதாட நான் வரவில்லை.

ஆனால் தொண்ணூறுகளில், போரின்போது அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடியது இந்தப் பணியாரங்கள்தான். பெற்றோல் சின்ன மருந்துப் போத்தலில், தங்கம் மாதிரி. பெரியப்பா பொனற்றைத் திறந்து காபரேற்றர் வாயில் நாலைந்து சொட்டு விடுவார், அண்ணா முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவான், இஞ்சின் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாதே, அதற்குத்தான் அந்தச் சொட்டு. அழுத்தம் குறைந்த பழைய இஞ்சின் என்பதால் தட்டிக்கொண்டாவது ஓடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. புகை, நாற்றம் எல்லாம் உண்டு, இருந்தும் எத்தனை பிள்ளைத்தாச்சிகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருக்கும் தெரியுமா?

காரின் கூரையில், ஓட்டுநர் தலைக்கு மேலே, உள்ளங்கையளவு பள்ளம் ஒன்று இருக்கிறது. போரில் யாழ்ப்பாணச் சனம் ஒரேயடியாக வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பெரியம்மாவின் தையல் மெசினைக் கட்டிய இடம். நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக ஊர்ந்துபோய், அடுத்த வருடம் அதே காரில், அதே மெசினோடு கொக்குவிலுக்குத் திரும்பினார்கள். பள்ளம் நிரப்புகிற பசையைப் பூசிப் பெயின்ற் அடித்தால் முதலில் மறையப்போவது அந்தப் பள்ளம்தான். தையல் மெசின் இன்னும் தைக்கிறது, பெரியம்மாதான் இல்லை.

அதற்காக ஒரு ஆணியும் மாற்றக்கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. பிறேக் ரப்பர் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், வயறிங் எல்லாம் எப்போதோ மாறிவிட்டது. திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து நீளுகிற கைகாட்டியில் வலப்பக்கத்தது தட்டினால்தான் எழும்பும், அதைச் செய்விக்கச் சொல்லி நானே எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். மனிசன் கேட்கவில்லை. கிறீஸ் கன்னோடு காருக்கு அடியில் படுக்கிற வேலையை மட்டும் எழுபத்தெட்டு வயதிலும் யாரிடமும் கொடுக்கமாட்டார். நான் நல்ல பராமரிப்பு என்று சொல்வது இதைத்தான். கண்ணாடி மாதிரி மினுக்கி, துணியால் மூடி, வருடத்தில் நாலு கலியாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற காரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அப்புறம் அந்த ஜப்பான் இஞ்சின் கதை. நிசான் 1952 டிசம்பரில் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் போட்டு, 1953இல் ஜப்பானில் பொருத்தத் தொடங்கியதே இந்தச் சொமர்செற்றைத்தான்! மாணவன் வாத்தியாரைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான், சரி, அதற்காக வாத்தியாரின் நெஞ்சைப் பிளந்து மாணவனின் இருதயத்தை வைக்கவேண்டுமா?

அந்த வாடகைக்காரர் ஞாயிற்றுக்கிழமை விலை பேச வருகிறாராம். ஞாயிறு காலை கார் வீட்டில் நிற்காது, திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகும்.