துண்டுப் பிரசுரம் வந்தது குண்டுக்குப் பிறகு

'ஹிரோஷிமா மக்களுக்கு அணுகுண்டு பற்றி முன்கூட்டியே துண்டுப் பிரசுரம் போட்டார்கள், அவர்கள்தான் வெளியேறவில்லை' என்று சிலர் எழுதுகிறார்கள். இது பரவலாகச் சுற்றும் தகவல்தான், ஆனால் சரியில்லை.

1945 ஜூலை இறுதியில் அமெரிக்க விமானங்கள் பல ஜப்பானிய நகரங்களில் எச்சரிக்கைத் தாள்கள் வீசியது உண்மை. ஆனால் அவை வழக்கமான குண்டுவீச்சைப் பற்றியவை, அணுகுண்டு என்ற பேச்சே அவற்றில் கிடையாது. எப்படி இருக்கும்? அணுகுண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசித்த, அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் தலைமையிலான இடைக்காலக் குழு மே 31 அன்றே 'முன்னெச்சரிக்கை தர முடியாது' என்று முடிவு செய்துவிட்டது. அந்தக் குழுவிலேயே இருந்த கடற்படைத் துணைச் செயலர் ரால்ஃப் பார்ட் பிறகு மனம் மாறி, இரண்டு மூன்று நாள் முன்னதாகவாவது சொல்லலாம் என்று ஜூன் 27 அன்று குறிப்பு எழுதினார். எடுபடவில்லை. ஜப்பான் சரணடைய வேண்டும் என்று நேச நாடுகள் வெளியிட்ட ஜூலை 26 போட்ஸ்டாம் பிரகடனமும் 'முழு அழிவு' என்று மிரட்டியதோடு சரி, எதனால் என்று சொல்லவில்லை.

அணுகுண்டைக் குறிப்பிடும் தாள்கள் அச்சானதே ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த ஆகஸ்ட் 6க்குப் பிறகுதான். நாகசாகிக்கு அவை போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 10, அதாவது அங்கே குண்டு விழுந்த மறுநாள்.

குண்டு போட்டது நியாயமா என்பதில் நாம் வேறுபடலாம். அந்த வாதத்துக்கு இந்தத் தாள்களைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.