எடை போட்டுக் கூட்டினால் நடுவில் உள்ளது தப்பிவிடும்

சரக்கு அனுப்ப வழி தேர்ந்தெடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், செலவு, நேரம் இரண்டுக்கும் எடை (எது எவ்வளவு முக்கியம் என்ற எண்) கொடுத்துப் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையைக் குறைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. நான் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அனுப்புகிறவன். ஒரு நாளைக்கு மூன்று வழி இருக்கிறது என்று வையுங்கள்: முதலாவது 10 ஆயிரம் ரூபாய், 20 மணி நேரம்; இரண்டாவது 20 ஆயிரம், 10 மணி; மூன்றாவது 16 ஆயிரம், 16 மணி. எடையை எப்படி மாற்றிப் போட்டாலும் மூன்றாவது வரவே வராது, கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு எடையும் சேர்ந்து 1 என்று வைத்தால், முதல் இரண்டில் ஏதோ ஒன்றின் தொகை எப்போதும் 15 அல்லது அதற்குக் கீழேதான் நிற்கும், மூன்றாவது 16-லேயே இருக்கும். ஆனால் தக்காளி வாடாமல், 20 ஆயிரமும் செலவாகாமல் போய்ச் சேர எனக்கு அதுதான் வேண்டும். அரை லாரி அனுப்ப முடியாதே, அதனால் முதல் இரண்டையும் கலந்தும் சமாளிக்க முடியாது.

இதற்கு எப்சிலான் கட்டுப்பாட்டு முறை இருக்கிறது. நேரம் 16 மணிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டு, செலவை மட்டும் குறைக்கச் சொன்னால் மூன்றாவது உடனே வந்துவிடும். அப்புறம் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் பரேட்டோ தீர்வுகள், அதாவது ஒன்றைக் கூட்டாமல் மற்றதைக் குறைக்க முடியாத வழிகள், எல்லாமே கைக்கு வரும். 1941-ல் கணிதவியலாளர் ஹிட்ச்காக் எழுதிய போக்குவரத்துக் கணக்கில் (பல இடங்களிலிருந்து பல ஊர்களுக்குச் சரக்கு அனுப்புவது) செலவு ஒன்றுதான் குறிக்கோள், அங்கே இந்தச் சிக்கலே இல்லை. கட்டுரையில் இந்த முறையையும் தயவுசெய்து சேருங்கள்.