பச்சைப் பெயின்ற் அடித்ததெல்லாம் ஆமி இல்லை

சனிக்கிழமை மண்டப வாசலில் நான் விட்டிருந்த பழைய பச்சை வண்டியை "ஆமி வாகனம்" என்று ஒருவர் கத்தி எடுக்கச் சொன்னதைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வீடியோ எடுத்துப் போட்டார்கள், பேசாமல் இருந்தேன். நேற்றிரவு ஒரு தம்பி என் பெயரை விட்டுவிட்டு வண்டியின் படத்தை மட்டும் போட்டு, "ஆமிக்குப் பயந்து ஓடிவந்தவை இப்ப ஆமி ஜீப்பில பவனி வருகினம்" என்று எழுதியிருக்கிறார். ஆமி என்று அவர் சொல்வது நாங்கள் பயந்து ஓடிவந்த இலங்கை இராணுவத்தை. கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் என் கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

முதலில், அது ஜீப் இல்லை. பின்ஸ்கவர் 710. ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புக் செய்தது. 2.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், காற்றிலேயே குளிரும், ரேடியேற்றர் கிடையாது. அடியில் சட்டத்துக்குப் பதிலாக நடுவால் ஒரு தடித்த குழாய் ஓடும். சக்கரத்துக்குப் பக்கத்தில் தனிப் பற்சக்கரப் பெட்டி வைத்து அச்சை மேலே தூக்கியிருப்பார்கள், அதனால் கல்லும் கட்டையும் அடியில் தட்டாது. இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டலாம். இதைப் பற்றிக் கேட்டால் விடியும்வரை சொல்வேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் "உது ஆமியின்ரையோ?"

ஓம், ஆமியினுடையதுதான். சுவிஸ் ஆமி. சுவிஸ்காரன் கடைசியாகச் சண்டை பிடித்தது 1847இல், அதுவும் தங்களுக்குள்ளேயே. என் வண்டி பிறந்தது 1975இல். மலைப்பாதையில் பயிற்சிக்கு வந்த பெடியளை ஏற்றி இறக்கியதும், மிச்ச நாளெல்லாம் கொட்டகைக்குள் துடைத்து வைக்கப்பட்டதும்தான் அதன் போர்ச் சரித்திரம். அது யாரையும் சுடவில்லை. யார் வீட்டுக் கேற்றையும் இடிக்கவில்லை. பச்சைப் பெயின்ற் அடித்த ஒரு வாகனம், அவ்வளவுதான்.

"அது சரி, காசு கூடின ஆட்களின்ர விளையாட்டுத்தானே" என்று ஒருவர். எனக்கு லொத்தர் விழவில்லை. இரவு வேலை செய்து சேர்த்த காசு. 15 வருடம் தாண்டிய வாகனத்தைக் கனடா தன் பாதுகாப்பு விதிகளுக்குள் இழுப்பதில்லை, அமெரிக்காவில் என்றால் 25 வருடம். அந்தக் கதவு திறந்திருந்தபடியால்தான் இது என் போன்றவனுக்கும் கைக்கெட்டியது. பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப்பில் கப்பலேற்றி, கனடாவின் ஹலிஃபக்ஸில் இறக்கினோம். எல்லையில் 5 வீத வரி, ஒன்ராறியோவில் பதிவு செய்யும்போது மாகாணத்துக்கு இன்னொரு 8 வீதம். ஏற்றுவதற்கு முதல் அடிப்பக்கம் முழுக்க நீராவியால் கழுவ வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பயிர்நோய் வரும் என்று இங்கே இறக்க விடமாட்டார்கள். குழாய் இடுக்கில் இருந்ததைக்கூட ஈர்க்குப் போன்ற கம்பியால் கிண்டி எடுத்ததாகப் படம் அனுப்பியிருந்தார்கள். கனடா அரசாங்கம் சுவிஸ் மண்ணைத் தேடியது, நீங்கள் அதில் இரத்தம் தேடுகிறீர்கள்.

அப்புறம் பாதுகாப்புச் சான்றிதழ். 24 வோல்ட் மின்சாரம், இரண்டு பற்றரி என்றதும் கராஜ்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கடைசியில் ஒரு போலந்துக் கிழவர்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உள்ளே புகுந்தார்.

"ஏன் அண்ணை, ரொயோட்டா ஒன்று வாங்கியிருக்கலாமே?" வாங்கியிருக்கலாம். இங்கே மார்க்கம் நகரில் ஜீப் றாங்லர் ஓடும் பிள்ளைகளையும் மறித்துக் கேளுங்கள். 1941இல் அமெரிக்க ஆமிக்காக வில்லிஸ் செய்ததன் பேரப்பிள்ளைதான் அது. பென்ஸ் வைத்திருப்பவரிடம் போய், அந்தக் கொம்பனி ஹிட்லரின் படைக்கு லொறி செய்து கொடுத்த கதையைச் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். பென்ஸ்காரர் மண்டபத்துக்கு நன்கொடை கொடுக்கிறவர்.

எனக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருப்பார். காபரேட்டருக்குள் நாலு சொட்டு விடுவது என் வேலை. அப்பா கைபிடி போட்டுச் சுற்றுவார். இருமி இருமிப் பிடிக்கும், ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை, அம்மா கொடியில் காயப்போட்ட உடுப்பை ஓடிவந்து அள்ளுவா. எத்தனை கர்ப்பிணிப் பெண்களை அந்தக் கார் இரவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று எங்கள் ஊரில் கேளுங்கள். 1995இல் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்தபோது அதை அப்படியே முற்றத்தில் விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் புல்லு முளைத்திருந்தது. அப்பா அதற்குப் பிறகு ஒரு வாகனமும் வாங்கவில்லை.

ஆமியின் பவள் கவச வாகனம் வரும் சத்தம் கேட்டு வேலியால் பாய்ந்தவன் நான். ஆமியின் சோதனைச் சாவடியான சென்றியில் சைக்கிளால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு நடந்தவன். எனக்கு ஆமி என்றால் என்னவென்று வகுப்பெடுக்க வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சென்றியைக் கண்டவர்கள்? 83 கலவரத்துக்கு முன்னமே விமானமேறி, தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்து அழுதவர்கள்தான் எனக்கு நினைவு கெட்டுப்போச்சு என்கிறார்கள்.

சனிக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா வண்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டா. அதை நானும் கண்டேன். அவவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, தேடவும் மாட்டேன். ஒன்றும் பேசாமல் நானே எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் விட்டேன். வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள், கவனித்தீர்களா? "உந்த ஆமி வாகனத்தை எடுங்கோ, சனம் பாக்குது" என்று வாசலில் நின்று கத்தியவருக்கு அந்த அம்மாவைப் பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. கமரா தன் பக்கம் திரும்பியிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயின்றை மாற்றச் சொல்லி இன்பொக்ஸில் ஆலோசனை வருகிறது. நீலம் நல்லாயிருக்குமாம். மாற்ற மாட்டேன். பச்சைப் பெயின்ற் ஆமி இல்லை என்று இன்னும் எத்தனை தரம் எழுதுவது?

கமென்ட் திறந்தே கிடக்கிறது. என்னைத் திட்டுங்கள், வண்டியைத் திட்டுங்கள். அப்பாவை இழுப்பவர்களைச் சொந்தம் பந்தம் பார்க்காமல் நட்புப் பட்டியலிலிருந்து தூக்குவேன். பின்ஸ்கவருக்கு ஸெனித் காபரேட்டர் திருத்தத் தெரிந்த ஆள் ஸ்காபரோ பக்கம் யாராவது இருந்தால் அவர் மட்டும் தனியாக மெசேஜ் போடவும்.